நீட், ஜேஇஇ: ஸ்கிரைபும் கூடுதல் நேரமும் கைநழுவும் இடங்கள்

நீட், ஜேஇஇ நுழைவுத் தேர்வுகளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஸ்கிரைபும் (சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பவர்) கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாம். பாதிப் பேருக்கு அதில் தவறு பிரவுசிங் சென்டரிலேயே தொடங்கிவிடுகிறது. நீட் விண்ணப்பம் போட வரிசையில் பத்துப் பேர். கணினி முன் இருக்கும் தம்பி பெயர், பிறந்த தேதி, சாதி எல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டுகிறார். ‘மாற்றுத்திறனாளியா?’ என்ற இடம் வந்ததும் கேட்காமலே ‘இல்லை’ போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் டிஸ்லெக்ஸியா உள்ள பையன் அப்பா பக்கத்தில் செல்போனைப் பார்த்தபடி நிற்கிறான். பார்த்தால் என்ன தெரியும்? விண்ணப்பத்தைத் திருத்தச் சில நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் பணம் கட்டிய ரசீது வந்துவிட்டால் அதை மறுபடி யார் திறந்து பார்க்கிறார்கள்?

கேட்டால், “பிளஸ் டூவிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்களே சார், இதிலும் வருமல்லவா?” என்பார்கள். வராது. பிளஸ் டூ தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அங்கே சலுகைக்கான காகிதங்களைப் பள்ளிதான் சேர்த்து அனுப்பியது. பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள். நீட், ஜேஇஇ மெயின் இரண்டும் தேசிய தேர்வு முகமையின் கையில். பள்ளி என்ன கொடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு இன்னொரு கதை. ஆண்டுக்கு ஓர் ஐஐடி நடத்துகிறது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், சான்றிதழையும் தனியாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் புதிதாகக் கேட்டால்தான் உண்டு.

அடுத்து, காகிதக் குழப்பம். நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டையைக் காட்டி “எல்லாம் இருக்கிறது” என்பார்கள். அந்த அட்டை என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்றுதான் சொல்லும். இந்தப் பிள்ளைக்கு எழுதுவதில் இடர்ப்பாடு உண்டு, ஸ்கிரைப் தேவை என்று சொல்வது வேறொரு சான்று. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலில், பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்றுக்கும் தேர்வர் விரும்பினாலே ஸ்கிரைப் உண்டு என்று இருந்தது. மற்றவர்கள் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலர், சிவில் சர்ஜன் அல்லது மருத்துவக் கண்காணிப்பாளரிடம் அதற்கென உள்ள படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும் என்றும் இருந்தது. தனியார் உளவியலாளர் எழுதிக் கொடுத்த பல பக்க அறிக்கை அதற்கு ஈடாகாது. ஆனாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவரிடம் போகும்போது கையில் இருந்தால் அவர் வேலை பாதி முடிந்த மாதிரி.

மூன்றாவதாக ஒரு காகிதமும் உண்டு. அது கலந்தாய்வுக்கு. மருத்துவ இடங்களில் 5 சதவீத ஒதுக்கீடு கேட்பவர்கள், அதற்கென்று குறிக்கப்பட்ட மருத்துவக் குழுவிடம் சான்று பெற வேண்டும். சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறது. “அதைத்தான் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்களே” என்று தேர்வு நேரத்துச் சான்றையும் சேர்த்துத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கீடு வேறு, தேர்வறைச் சலுகை வேறு.

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 40 சதவீதம் என்பது ஒதுக்கீட்டுக்கான கோடு. எழுதச் சிரமப்படும் ஒருவர் ஸ்கிரைப் கேட்க அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை என்று, எழுதும்போது கை இறுகிப்போகும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ பிரச்சினையோடு குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்த ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு இவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 30 சதவீதம் என்று சான்று வந்ததும் “தகுதி இல்லையாம்” என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

சரி, எல்லாம் முறையாகச் செய்தாகிவிட்டது, ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி, ஸ்கிரைப் விவரங்கள் அதில் சரியாக இருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள். அதோடு நிம்மதியாகிவிடவும் கூடாது. 2021 நீட் தேர்வில், எழுத்துக் குறைபாட்டுக்கு 40 சதவீதச் சான்று வைத்திருந்த ஒரு மாணவிக்குத் தேர்வு மையத்தில் கூடுதல் ஒரு மணி நேரம் தரவில்லை. மற்றவர்களோடு சேர்த்து அவர் விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நவம்பரில் வந்த தீர்ப்பு அவருக்கு நேர்ந்தது அநீதி என்று ஒப்புக்கொண்டது. சரிசெய்யும் வழியை ஒரு வாரத்துக்குள் யோசிக்கும்படி முகமைக்கு உத்தரவிட்டது. மையப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. போன ஒரு மணி நேரம் போனதுதான்.

அதனால் மையத்தை முந்தைய நாளே போய்ப் பாருங்கள். கண்காணிப்பாளர் கிடைத்தால், அந்த ஆண்டு தகவல் கையேட்டில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய பக்கத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். தேர்வன்று மதியம் வாசல் நெரிசலில் எதுவும் விளக்க முடியாது. போன வருடம் எழுதிய அண்ணன் சொன்னார் என்று நம்ப வேண்டாம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஸ்கிரைப் யார் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. சொந்தமாக அழைத்து வருபவர் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது 2018 வழிகாட்டுதல். எம்.எஸ்சி. படிக்கும் அத்தை மகளை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். தமிழில் நீட் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: ஸ்கிரைபுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வருமா என்று பாருங்கள். பேசத் தெரிந்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம்.

நான் மாதிரித் தேர்வுகளுக்கு ஸ்கிரைபாக உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே ஒரு வேடிக்கை. “ஃபார்ட்டி, டூ” என்றான் பையன். நான் 42ஆம் கேள்விக்குப் போய்விட்டேன். அவன் சொன்னது 40ஆம் கேள்விக்கு விடை 2. நீட்டில் விருப்ப விடைகளுக்கும் 1, 2, 3, 4 என்று எண்கள்தான். பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. ஆக இப்படி ஒரு குளறுபடிக்கு 5 மதிப்பெண் போய்விடும். அப்புறம் “கேள்வி 40, விடை 2” என்று முழுதாகச் சொல்வது, நான் திருப்பிச் சொன்ன பிறகே நிரப்புவது என்று வைத்துக்கொண்டோம். இயற்பியல் கணக்குதான் பெரும்பாடு. மனதில் ஓடும் சமன்பாட்டை வரி வரியாக இன்னொருவர் கைக்குச் சொல்லி எழுத வைப்பது தனிப் பயிற்சி. இரண்டு வாரத்தில் வராது. ஸ்கிரைப் கிடைத்தது என்று மகிழ்ந்துவிட்டு, தேர்வன்றுதான் முதல்முறையாக வாயால் கணக்குப் போடுகிறவர்கள், தானே எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருப்பார்கள்.

கூடுதல் நேரத்துக்கும் இது பொருந்தும். மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரமாகிறது. மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் மாலை 6. வீட்டில் மூன்று மணி நேரமே பழகியவனுக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் முதுகு வலிக்கும், கவனம் சிதறும். போதாததற்கு 5 மணிக்கு மற்றவர்கள் எழுந்து போகும் சத்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் 2 முதல் 6 வரை உட்கார வைத்துப் பழக்குங்கள். 5 மணிக்கு வீட்டில் டிவியைப் போட்டாலும் தப்பில்லை.

தேர்வன்று வெளியே காத்திருக்கும் பெற்றோர், 5 மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், நம் பிள்ளையை மட்டும் காணோமே என்று பதற வேண்டாம். அவர்களோடு சேர்ந்து அவனும் 5 மணிக்கே வெளியே வந்தால்தான் ஓடிப்போய் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.