பழைய கிளைடர் வாங்குமுன் இறக்கையைப் பார்ப்பது எப்படி

டெல்டாவில் ஷெட்டில் கிடந்த கிளைடர் (இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) என்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் விழ வேண்டும். ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூர்ப் பக்கம் மரம் ஈரத்தை இழுக்கும். நாகப்பட்டினத்தில் உப்புக்காற்றும் சேரும்.

ரோகிணி என்ற இந்தியக் கிளைடரில் உள்ளது போன்ற மர இறக்கைகளில் மரத்தைவிடப் பசையைத்தான் சோதிக்க வேண்டும். பழைய கேசீன் பசை பாலிலிருந்து எடுத்தது. விடாமல் ஈரம் பட்டால் பூஞ்சை தின்றுவிடும். அதனால் இறக்கைக்குள் பார்ப்பதற்கான ஆய்வுத் துளையின் மூடியைத் திறந்ததும் மூக்கை வையுங்கள். புளித்த, பூஞ்சை வாடை வந்தால் விலை பேசுவதை நிறுத்தலாம். வாடை இல்லையா? டார்ச்சும் சிறு கண்ணாடியும் விட்டு, ஸ்பாரும் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தாங்கி) ரிப்பும் (குறுக்கே நிற்கும் விலா) சேரும் மூலைகளைப் பாருங்கள். பசைக்கோடு கறுத்திருந்தாலோ, இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு அழுத்தாமலே உள்ளே போனாலோ ஒட்டு விட்டுவிட்டது. பின்விளிம்பின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் விடாதீர்கள். பெயின்ட் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கியிருக்கும். கரையான் வேறு, மேல் பிளைவுட்டைத் தொடாமல் உள்ளே காலி செய்துவிடும். விரல்முட்டியால் தட்டினால் பொத்தென்று கேட்கும்.

ஃபைபர் இறக்கையில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சில் விரிசல் சகஜம். அது நாருக்குள் இறங்கியதா என்பதை லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும். நாணயத்தால் தட்டிப் போகையில் ஒலி மந்தமானால் அடுக்கு பிரிந்திருக்கலாம்.

உலோக இறக்கையில் கண்ணை நம்பாதீர்கள். 2010இல் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் என்ற உலோகக் கிளைடரின் இறக்கை, ஸ்பாரின் உலோகச் சோர்வால் (திரும்பத் திரும்பப் பளு ஏறி இறங்குவதால் வரும் பலவீனம்) பறக்கும்போதே முறிந்தது. இந்தச் சோர்வு பறக்கப் பறக்கச் சேர்வது என்பதால், லாக் புக்கில் பறந்த மணிநேரமும் எத்தனை முறை வானில் ஏவப்பட்டது என்ற எண்ணிக்கையும் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.