பழைய ஃபோர்ட்ரான் 77 கோடை சி-க்கு மாத்துறது எப்படி

ஃபோர்ட்ரான் 77-ன்ற பழைய புரோகிராமிங் மொழில இருக்குற கோடை சி மொழிக்கு மாத்தணும்னா மொதல்ல எதையும் தொடாதீங்க. ஜிஃபோர்ட்ரான்-ன்ற கம்பைலர்ல அப்படியே கம்பைல் பண்ணி, ஒரு பத்து விதமான இன்புட் குடுத்து, வர்ற அவுட்புட்டை எல்லாம் ஃபைல்ல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க, ஏன்னா நாளைக்கு சி-ல வர்ற விடை சரியான்னு சொல்ல அதை விட்டா வேற சாட்சி கிடையாது.

எஃப்2சி-னு ஒரு டூல் இருக்கு, தானாவே மாத்திக் குடுத்துரும், ஓடவும் ஓடும், ஆனா அந்த சி கோடைப் படிச்சு மெயின்டெய்ன் பண்றது ரொம்பக் கஷ்டம். நான் கையாலதான் மாத்துவேன், அதுவும் ஒரு நேரத்துல ஒரே ஒரு சப்ரூட்டின் (ஃபோர்ட்ரான்ல ஃபங்ஷன் மாதிரி தனியா கூப்பிடுற கோடுத் துண்டு). அதை சி ஃபங்ஷனா எழுதி மிச்ச ஃபோர்ட்ரானோடயே லிங்க் பண்ணி ஓட்டிப் பாருங்க. ஃபங்ஷன் பேர் சின்ன எழுத்துல, கடைசில ஒரு அண்டர்ஸ்கோரோட இருக்கணும், ஆர்க்யுமென்ட் எல்லாத்தையும் பாயின்டரா வாங்கணும், பெரும்பாலும் அவ்ளோதான்.

நெறைய பேர் மாட்டிக்குறது அரேலதான். ஏ(3,2)-னு இருந்தா ஃபோர்ட்ரான் மெமரில (1,1), (2,1), (3,1), அதுக்கப்புறம்தான் (1,2)-னு அடுக்கும், சி-ல அப்படியே தலைகீழ், கடைசி இன்டெக்ஸ்தான் வேகமா ஓடும். அதனால சி-ல [2][3]-னு திருப்பி டிக்ளேர் பண்ணிட்டு, ஏ(ஐ,ஜே) வர்ற இடத்துல ஏ[ஜே-1][ஐ-1]-னு எழுதுங்க.

டிக்ளேர் பண்ணாத வேரியபிள் ஐ-ல இருந்து என் வரைக்குள்ள ஒரு எழுத்துல ஆரம்பிச்சா அது இன்டீஜர், அதாவது முழு எண். மாஸ்-னு பேர் இருக்கேன்னு டபுள் (தசம எண் வகை) போட்டுறாதீங்க, எம்-ல ஆரம்பிக்குது! அதே மாதிரி வெறும் 0.1-னு எழுதினா ஃபோர்ட்ரான்ல அது சிங்கிள் பிரிசிஷன் (கிட்டத்தட்ட ஏழு டிஜிட் வரைக்கும்தான் துல்லியம்), டபுள் வேரியபிள்ல போட்டாலும் 0.10000000149-னுதான் நிக்கும், சி-ல 0.1 டபுள். விடை எட்டாவது ஒன்பதாவது டிஜிட்ல மட்டும் மாறுதுன்னா மொதல்ல இங்க பாருங்க.

ஃபோர்ட்ரானோட டூ (DO) லூப் எத்தனை தடவை சுத்தணும்னு ஆரம்பத்துலயே முடிவாயிரும், லூப்போட மேல் எல்லை என்-னு (N) இருந்து, அதை உள்ள மாத்தினாலும் மாறாது, சி-ல ஃபார் லூப் ஒவ்வொரு சுத்துலயும் செக் பண்ணும்.

கடைசியா, 72-வது காலம் (column), அதாவது ஒரு வரில 72-வது எழுத்தோட இடம். அதுக்கு மேல இருக்குறதை கம்பைலர் கண்டுக்கவே கண்டுக்காது, பஞ்ச் கார்டு காலத்து வழக்கம். எனக்கு ஒரு தடவை ரெண்டு நாள் விடை பொருந்தவே இல்ல, கடைசில பாத்தா சம்21-ன்ற பேர்ல அந்த 1 மட்டும் 73-ல விழுந்திருக்கு, ஃபோர்ட்ரான் சம்2-னு படிச்சிருக்கு, அந்தப் பேர்லயும் ஒரு வேரியபிள் இருந்ததால எரரும் வரல. நான் சி-லயும் மொதல்ல சம்2-னே போட்டு பழைய விடையைக் கொண்டு வந்தேன், அப்புறமா அந்த ஒரு வரியை மட்டும் கணக்கு தெரிஞ்சவங்ககிட்ட காட்டி, எது வேணும்னு கேட்டுட்டு தனியா மாத்தினேன்.