வழியனுப்பு விழாவுக்கு பேனர் வேண்டாம், பழைய வலை போதும்

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் டிசைன் டீமின் ஆண்டு இறுதி விருந்தோ வழியனுப்பு விழாவோ வைத்தால், ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதில் பழைய நைலான் வலையைக் கட்டுங்கள். விடைபெறுபவர் செய்த போஸ்டர்களையும் மற்றவர்கள் கையால் எழுதிய வாழ்த்துகளையும் ஏ4 அட்டையில் ஒட்டி, மேலே இரண்டு துணி கிளிப் போட்டு மாட்டிவிடலாம்.

டிசம்பரில் அரியமான் இருக்கும் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வாடைக்காற்று. ஃபிளெக்ஸ் பேனர், படகின் பாய் மாதிரி காற்றை வாங்கிக் கம்பையே சாய்த்துவிடும். வலைக்கண் வழியே காற்று போய்விடும், அட்டை படபடக்கும், அவ்வளவுதான். வலை கட்டும் 8 அடி சவுக்குக் கம்பை 2 அடியாவது மணலுக்குள் இறக்குங்கள். வலையை முதல் நாளே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் கேக்கிலும் கருவாட்டு வாசம்தான். தங்கூசி வலை (ஒற்றை இழையில் பின்னிய வழவழப்பான வலை) வேண்டாம், கிளிப் வழுக்கும்.

மேகம் கறுத்திருந்தால் இதை விட்டுவிடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் ஒரு தூறலுக்கே கரைந்துவிடும்.