கூட்டைக் காலையில் திறக்காதீர்கள்: கோழிக்குஞ்சுகளை மேய விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் உறவினர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பல்பு வெப்பத்தில் வளர்த்த ஏழு வாரக் குஞ்சுகள் ஐம்பதை, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தம் விளையில் (தோட்ட நிலத்தில்) அன்று காலைதான் அவர் திறந்துவிட்டிருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு, அவை பரவி மேய்வதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வைக்க மறப்பது, தீவனத்தை மழையில் நனைய விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டவுடன் யாரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

காலையில் திறப்பது

நான் முதன்முதலாக வளர்த்தவை நாற்பது குஞ்சுகள். எட்டு வாரம் வரை வீட்டின் பின்புறச் சாய்ப்பில் வைத்திருந்துவிட்டு, பலாமரத்தடியில் புதிதாகக் கட்டிய கூட்டுக்கு ஒரு சனிக்கிழமை மாலையில் மாற்றினேன். மறுநாள் விருந்தினர் வருகிறார்கள் என்பதற்காகக் காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்தேன். பகலில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தி சாய்ந்தபோது பதினேழு மட்டும் கூட்டில் இருந்தன. சில, தாம் வளர்ந்த சாய்ப்பின் பூட்டிய கதவருகே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன; சில விறகுக் குவியலுக்குள் புகுந்துவிட்டன; மற்றவை பலாக்கிளையில் கைக்கெட்டாத உயரத்தில் உட்கார்ந்திருந்தன. டார்ச்சுடன் நான் தேடிக்கொண்டிருக்கையில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. விடிந்தபோது பலாமரத்தடியில் இறகுகள் கிடந்தன. அது மரநாயின் வேலை. விறகுக்குள் நனைந்தவை அடுத்த நான்கு நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சியவை இருபத்தொன்று.

‘கோழி பொழுதடைந்தால் தானே வந்து அடையும்’ என்று ஊரில் சொல்வது பொய்யன்று. ஆனால் அது தாய்க்கோழியோடு வளர்ந்த குஞ்சுக்குப் பொருந்தும் பேச்சு. தாய் கூட்டிச் செல்லும், கொக்கரித்து அழைக்கும், அடைய வேண்டிய இடத்தைக் காட்டும். பல்பின் கீழ் வளர்ந்த குஞ்சுக்கு அதையெல்லாம் கற்பிக்க யாரும் இல்லை. நாம் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கூடு அதற்கு அறிமுகமற்ற ஒரு பெட்டி மட்டுமே. கோழிக்கு இருட்டில் பார்வை மங்கிவிடுவதால், வெளிச்சம் குறைகிற நேரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கேயே அது அடைந்துவிடும்.

ஆகவே புதிய கூட்டுக்கு மாற்றிய பிறகு குறைந்தது பத்து நாட்கள் குஞ்சுகளை வெளியே விடாமல், தீவனமும் தண்ணீரும் உள்ளேயே வைத்துப் பழக்க வேண்டும். அதன் பிறகு முதல் நாள், மாலைத் தீவனத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கதவைத் திறக்க வேண்டும். பசியோடு இருக்கும் குஞ்சு தொலைவு போகாது; வெளிச்சம் குறையும்போது கூட்டுக்குள் தீவனத்தை வைத்துத் தகர டப்பாவைத் தட்டினால் ஓடிவரும். அந்தத் தட்டும் ஓசையை முதல் வாரத்திலிருந்தே தீவனத்தோடு சேர்த்துப் பழக்கியிருந்தால் வேலை இன்னும் எளிது. நாள்தோறும் அரை மணி நேரம் முன்னதாகத் திறந்துகொண்டே போய், ஏறத்தாழ மூன்று வாரத்தில் முழுப் பகலும் விட்டுவிடலாம். தொடக்க நாட்களில் இருட்டியதும் எண்ணிப் பார்த்து, வெளியே தங்கியவற்றைக் கையால் எடுத்துக் கூட்டுக்குள் உள்ள பரணில் வைக்க வேண்டும்.

இதைச் சொன்னால், ‘அடைத்துவைத்தால் அது எப்படி நாட்டுக்கோழி வளர்ப்பு ஆகும்?’ என்று கேட்கிறார்கள். இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் கேள்வி இதுதான். இரண்டு மாதம் தீவனம் போட்டவர் பத்து நாள் தீவனத்தில் சிக்கனம் பார்க்கிறார். என் உறவினரும் அதையே கேட்டுச் சிரித்தார். அன்றிரவு ஒன்பது மணிவரை டார்ச் பிடித்தபடி அவரோடு வாழைமூடுகளுக்கிடையே நானும் தேடினேன். ஆறு கிடைக்கவில்லை.

தடுப்பூசி போட்ட கையோடு திறந்துவிடுவது

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரத்தில் எஃப்-1 அல்லது லசோட்டா சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டாவும் கொடுத்தவர்கள், எட்டாம் வாரத்தில் ஊசியாகப் போடும் ஆர்-2-பி மருந்தைத் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். சொட்டு மருந்தின் காப்பு நெடுநாள் நிற்பதில்லை. ஊசி போட்டவுடனும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது; இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். மேலே சொன்ன பத்து நாள் அடைப்பை இந்த ஊசியோடு தொடங்கி, நான்கு நாள் கூட்டிக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும். மருந்துக் குப்பியை ஐஸ் இல்லாமல் பேருந்தில் கொண்டுவந்தால், போடுவது வெறும் தண்ணீராகவே இருக்கும்.

ஈரத் தரை

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. கூட்டின் உமி நனைந்தால், எச்சத்தோடு விழும் ரத்தக்கழிச்சல் கிருமி ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கே ஆபத்து அதிகம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள உமியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்தால் கட்டியாகிற உமியை அன்றே அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும்.

ரப்பர் நிழலை ஆண்டு முழுவதும் நம்புவது

தை, மாசியில் ரப்பர் இலையுதிர்த்து நிற்கும்போது கூரையற்ற வீடுபோல் விளை திறந்துகிடக்கும். பருந்துக்கு மேலிருந்து எல்லாம் தெரியும். அந்த மாதங்களில் திறந்துவிடுவதாயிருந்தால், ஓலைக்கீற்றுகளைச் சாய்த்து ஆங்காங்கே மறைவிடம் அமைத்துவிடுங்கள்.

பெரிய கோழிகளோடு உடனே சேர்ப்பது

கொத்திக் கொல்லும். ஒரு வாரம் வலைக்கு இருபுறமும் நின்று பழகட்டும்.

பச்சை மரச்சீனித் (மரவள்ளி) தோலும் இலையும்

சயனைடு நஞ்சு உண்டு. போடாதீர்கள்.

சந்தையில் வாங்கிய ஒற்றைக் கோழி

மந்தைக்குள் விடவே வேண்டாம்.