ரோமக் காவியங்களில் கிரேக்கத் தொன்மம்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெடூசா முன்பு பேரழகியாக இருந்தாள் என்றும், தேவி மினர்வாவின் கோயிலில் கடல் தேவன் நெப்டியூன் அவளைக் கெடுத்ததால் சினந்த தேவி அவளது கூந்தலையே பாம்புகளாக்கினாள் என்றும் சொல்லப்படும் கதையைப் பலர் கிரேக்கத் தொன்மம் என்றே நம்புகின்றனர். அது கி.பி. 8 வாக்கில் ரோமக் கவிஞர் ஓவிட் இயற்றி முடித்த ‘மெட்டமார்போசிஸ்’ தரும் வடிவம். அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் முற்பட்ட கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் ‘தியோகனி’யில் மெடூசா, கோர்கன் எனும் அரக்கச் சகோதரியர் மூவரில் சாவுள்ள ஒருத்தி மட்டுமே, கடல் தேவன் அவளைக் கூடியது பூத்த புல்வெளியில், அங்கே கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. பிற்கால வடிவத்தை மூலமாகக் கொள்வதே முதல் தவறு.

டிராய் நகரை வீழ்த்தக் கிரேக்கர் வீரர்களை ஒளித்து வைத்த மரக்குதிரையை, கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘இலியட்’டில் தேடுவதும் இத்தகையதே. அக்காவியம் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது; அவரது ‘ஒடிஸி’ குதிரையைச் சுருக்கமாகவே பேசுகிறது. நாம் அறிந்த விரிவான கதை, கி.மு. 19-இல் மறைந்த ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ இரண்டாம் காண்டத்தில், தோற்ற டிராய் நகரத்தவனான ஈனியாஸ் வாய்மொழியாக வருகிறது. குதிரைத் தந்திரத்தை நடத்திய கிரேக்க வீரன் ஒடிசியஸின், ஹோமர் மெச்சிய மதிநுட்பம் அங்கே வஞ்சகமாகத் தெரிவதில் வியப்பென்ன?

வெர்ஜில் ஹோமரை நகலெடுத்தார் என்று சொல்லிக் கடந்துவிடுவது இவற்றினும் பெரிய பிழை. ‘ஒடிஸி’யில், இறந்தோர் வாழும் பாதாள உலகில் ஒடிசியஸ் சமாதானம் பேசும்போது, மாண்ட மாவீரன் அகிலிஸின் படைக்கலங்கள் ஒடிசியஸுக்குப் போய்த் தனக்குக் கிடைக்காத மனத்தாங்கலில் கிரேக்க வீரன் அயாக்ஸ் மறுமொழி கூறாமல் விலகுகிறான். அந்த மௌனத்தை வெர்ஜில், ஈனியாஸ் கைவிட்டதால் உயிரை மாய்த்துக்கொண்டு, பாதாளத்தில் அவன் கண்ணீரோடு பேசும்போதும் பதில் தராத கார்தேஜ் அரசி டைடோவுக்குக் கொடுத்தார். வீரனின் மானப் பிரச்சினை இங்கே, கடமையின் பெயரால் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகிவிடுகிறது. ஹோமரை அறியாதவருக்கும் இக்காட்சி உருக்கமானதுதான். அறிந்தவருக்கோ ஈனியாஸின் கண்ணீர் போதாது என்பது புரியும்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் புகழ்பாட்டு என்று ‘ஈனியட்’டை ஒதுக்குவோர் அதன் இறுதிக் காட்சியையாவது படிக்க வேண்டும். ‘இலியட்’ முடிவில் ஹெக்டரின் தந்தையான முதியவர் பிரியாம், “உன் தந்தையை நினைத்துப் பார்” என இரக்க, ஹெக்டரைக் கொன்ற அகிலிஸ் மனமிளகி ஹெக்டரின் உடலைத் தருகிறான். ‘ஈனியட்’ முடிவில் வீழ்ந்து கிடக்கும், ஈனியாஸின் எதிரி டர்னஸும் தந்தையரைச் சொல்லியே இறைஞ்சுகிறான். ஈனியாஸ் ஒரு கணம் தயங்குகிறான். பிறகு, டர்னஸால் கொல்லப்பட்ட தன் தோழன், இளைஞன் பல்லாஸின் கச்சை டர்னஸின் தோளில் கிடப்பதைக் கண்டு, சினம் மூண்டு வாளைப் பாய்ச்சுகிறான். காவியம் அந்தச் சாவோடு நின்றுவிடுகிறது.