சாவியை எடுத்த பிறகும் ஓடுகிற எஞ்சின்: எங்கே கை வைப்பது?

கொழும்பில் போய் இறங்கி, சாவியைத் திருப்பி வெளியில் எடுத்தாச்சு. கார் மட்டும் உடம்பைக் குலுக்கிக்கொண்டு நாலைந்து செக்கன் 'டுக்கு டுக்கு' என்று ஓடி, கடைசியில் ஒரு தும்மல் போட்டுத்தான் நிற்கிறது. காபரேட்டர் கார் வைத்திருக்கும் மலையகத்துக்காரர் பலருக்கும் பழகிய வெட்கம் இது.

சாவி நிறுத்துவது பிளக்கில் வரும் நெருப்பை மட்டும்தான். எஞ்சின் சுற்றும் வரைக்கும் அதன் உறிஞ்சலில் காபரேட்டர் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டருக்குள் படிந்த கரியோ பிளக் நுனியோ பழுத்துக் கிடந்தால் அந்தச் சூடே போதும். விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்புத் தணலில் சருகைப் போட்டால் பற்றுமே, அதே கதை.

வேலையைத் தொடங்குமுன் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கை போகக்கூடாது.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் குலுங்காமல் வழக்கம்போல ஓடினால் அது வயர் கோளாறு. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை, பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் கொயிலின் பிளஸ்ஸிலும் மற்றதை காரின் பொடி இரும்பிலும் பிடித்துக்கொண்டு, ஒருவரைச் சாவியை மூடச் சொல்லுங்கள். எஞ்சின் ஓட ஓட லாம்ப் எரிந்தால் இக்னிஷன் சுவிட்ச், வயரிங் பக்கம் போங்கள். காபரேட்டரைத் தொடவே வேண்டாம். லாம்ப் அணைந்தும் எஞ்சின் குலுங்கி ஓடினால் மேலே படியுங்கள்.

அடுத்தது ஐட்லிங், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்று குறைய, பெற்றோல் கலவை தடிக்கும், ஐட்லிங் விழும். காலைக் குளிரில் சந்திக்குச் சந்தி எஞ்சின் அணைந்தால் நாம் என்ன செய்வோம்? காபரேட்டரில் உள்ள ஐட்லிங் ஸ்குரூவை அரைச்சுற்று இறுக்குவோம். அதே ஸ்குரூவோடு கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கினால் காற்று அடர்த்தியாகி ஐட்லிங் ஏறிவிடும், வெயிலில் எஞ்சினும் கொதிக்கும். திறந்து நிற்கும் திராட்டில் (காபரேட்டரின் காற்றுக் கதவு) வழியே கலவை தாராளமாகப் போகும். நானும் இப்படித்தான் இறுக்கிவிட்டு, மறந்து, புதுப் பிளக் நாலும் வாங்கிப் போட்டேன். பிளக் மேல் ஒரு பிழையும் இருக்கவில்லை.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். அருகருகே இரண்டு ஸ்குரூ இருக்கும், குழம்பவேண்டாம்: எதைத் திருகும்போது அக்சிலேட்டர் கேபிள் பிடித்திருக்கும் லீவர் மெல்ல அசைகிறதோ, அதுதான் ஐட்லிங் ஸ்குரூ. மற்றது கலவைக்கு, அதை விட்டுவிடுங்கள். இடப்பக்கம் கால் சுற்று, கொஞ்சம் பொறுமை, இன்னொரு கால் சுற்று. பெரும்பாலான பழைய கார்களுக்கு நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று சரி. அந்த அளவுக்குக் குறைத்தால் எஞ்சின் நிற்கிறதா? அப்போ எங்கோ வெக்யூம் குழாய் வெடித்திருக்கும், அல்லது டைமிங் (பிளக்கில் நெருப்பு வரும் நேரம்) பின்தங்கியிருக்கும். டைமிங் லைட் உள்ள கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.

பிறகு கட்-ஓஃப் சொலினாய்ட், சாவியை மூடியதும் பெற்றோலை அடைக்கும் மின் வால்வ். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் காபரேட்டர் ஓரமாக ஒற்றை வயரோடு விரல் பருமனில் நிற்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஓன் செய்து, அந்த வயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்' என்று கேட்கவேண்டும். சத்தம் கேட்டும் ஓட்டம் நிற்காவிட்டால் உள்ளே ஊசி அழுக்குப் பிடித்திருக்கலாம், கழற்றிக் கழுவுங்கள். மொரிஸ் மைனரின் எஸ்யூ காபரேட்டரில் இதைத் தேடவேண்டாம், கிடையாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம், மெல்லிய கரிப்பொடி என்றால் கலவை தடிப்பு. என்ஜிகே பிளக்கில் எண் குறையக் குறைய சூடு கூடும். 6 போடவேண்டிய இடத்தில் 5 போட்டிருக்கிறதா?

ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் சும்மா விடாதீர்கள். ஆனால் சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது.

மிச்சம் கரிதான். தோட்டப் பாதையில் மெதுவாக ஊர்ந்தே ஓடும் எஞ்சினில் அது படியத்தான் செய்யும். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது, தேய்ந்த வால்வ் கைட் வழியாக ஒயிலும் உள்ளே இழுபடும். அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள்! ஒரு தடவை ஒக்டேன் 92க்குப் பதில் 95 பெற்றோல் அடித்துப் பாருங்கள். ஓட்டம் நின்றால் கரி அல்லது டைமிங் மேல் சந்தேகம் வலுக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது கராஜ் வேலை.

அதுவரை நடுரோட்டில் மானம் போகாமலிருக்க: பிரேக்கை அழுத்தி, டொப் கியரில் போட்டு, சாவியை மூடி, கிளச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அடங்கிவிடும்.

என் காரில் ஸ்குரூ தலைக்குப் பக்கத்தில் இரண்டு நெய்ல் பொலிஷ் புள்ளிகள் இருக்கின்றன. வெள்ளை மலைக்கு, சிவப்பு கொழும்புக்கு. கித்துல்கலவில் பிளேன்டீக்கு நிறுத்தும்போது பொனட்டைத் தூக்கி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் திருப்பிவிடுவேன்.