பழைய பயோனெட் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பயோனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, சேகரிக்கும் ஆசை வந்துவிட்டதா? கடைக்குப் போகும் முன் சட்டத்தைப் பாருங்கள். ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு (கத்தியின் வெட்டும் பகுதி) உள்ள ஆயுதங்களோடு பயோனெட் பெயர் சொல்லியே இருக்கிறது. சென்னைக்காரர் என்றால் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். 100 ஆண்டு தாண்டிய பொருளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாக அனுப்ப முடியாது.

அடுத்து கண்ணைப் பழக்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களை நிதானமாகப் பாருங்கள். பழைய இரும்பு எப்படி மங்கும் என்பது பிடிபடும்.

சரி, ஒன்று கைக்கு வந்துவிட்டது. உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள்! துருவோடு இரும்பில் பொறித்த முத்திரையும் போய்விடும், அப்புறம் அது வெறும் இரும்புத் துண்டு. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும்.

இனி லென்ஸை எடுங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு துப்பாக்கியில் மாட்டிய 1907 மாடல் பயோனெட்டை எடுத்துக்கொள்வோம். 17 அங்குல அலகு. கைப்பிடியை ஒட்டி கிரீடமும் 1907 என்ற எண்ணும் இருக்கும். புதியவர்கள் பலர் அதைத் தயாரித்த ஆண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அது மாடலின் ஆண்டு. அதன் கீழே சின்னதாக 10, 17 என்று இருந்தால்தான் 1917 அக்டோபர். கூடவே வில்கின்சன், சாண்டர்சன் என்று தயாரிப்பாளர் பெயர் வரும். ஆர்எஃப்ஐ என்றால் வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. மறுபக்கத்து அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கு. பெருக்கல் குறி, அலகை வளைத்துச் சோதித்ததற்கு.

முதலில் வந்தவற்றில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பியின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். 1913இல் அதைக் கைவிட்டார்கள். கொக்கி உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் பிற்பாடு பற்றவைத்து விற்பவர்களும் உண்டு. 1917 தேதியும் கொக்கியும் ஒன்றாக வந்தால் வாங்காதீர்கள். அலகு 12 அங்குலம்தான் இருக்கிறதே என்று மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலேயே அப்படிக் குறுக்கினார்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், நம் ஊர்ப் பட்டறையின் வேலை அல்லவா!

விற்றவர் சொன்ன கதையை அன்றே எழுதி, முத்திரைகளின் படத்தோடு வையுங்கள். கதையும் முத்திரையும் முரண்பட்டால் முத்திரையை நம்புங்கள்.

தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். சென்னையின் கடற்காற்றில் தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அலகு உள்ளேயே துருவேறும். எண்ணெய் பூசித் தனியாக, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.